படையைக் கட்டியவர், தாமே கலைத்தவர்: ஜெனரல் மோகன் சிங்

கோலசிலாங்கூர் - நேதாஜியின் படம் இல்லாத தோட்டத்து வீட்டை ஒரு காலத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சாமி படங்களுக்குப் பக்கத்தில், இராணுவ உடையும் கண்ணாடியும் தொப்பியுமாக அவர் இருப்பார். புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெரம், பத்தாங் பெர்ஜுந்தை என்று இந்த வட்டாரத்தின் பழைய லயங்களில் வளர்ந்தவர்களுக்கு ஐ.என்.ஏ. என்றால் அந்த ஒரு முகம்தான் நினைவுக்கு வரும்.

ஆனால், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் வந்து இறங்கியது 1943 ஜூலையில். அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே, இந்திய தேசிய இராணுவத்துக்கான விதை மலாயா மண்ணில் விழுந்துவிட்டது. அதை ஊன்றியவர் 33 வயதுகூட நிறையாத ஒரு பஞ்சாபிக் கேப்டன். ஒரே ஆண்டுக்குள் அவர் ஜெனரல் ஆனார். அந்த ஆண்டு முடிவதற்குள் தாம் கட்டிய படையைத் தாமே கலைத்துவிட்டு, ஜப்பானியரின் காவலில் போனார். அவர் பெயர் மோகன் சிங். நம் தாத்தா பாட்டிகள் பின்னாளில் சேர்ந்த படைக்கு அடித்தளம் போட்ட அவருடைய பெயர், அந்தப் படங்களின் கீழ் ஒருநாளும் எழுதப்பட்டதில்லை.

மோகன் சிங் 1909 ஜனவரி 3-இல் சியால்கோட் மாவட்டத்தின் உகோக்கே என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்பே தந்தை தாரா சிங் இறந்துவிட்டார். தாய் ஹுக்கம் கவுர், கைக்குழந்தையோடு தம் பிறந்த வீடான பதியானாவுக்குப் போனார். பையன் அங்கேதான் வளர்ந்தான். உயர்நிலைப் பள்ளியை முடித்ததும் 1927-இல் 14-ஆவது பஞ்சாப் ரெஜிமென்ட்டில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். நிலமும் பட்டாளமும்தான் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வழி. இங்கே நம் முன்னோருக்குக் கங்காணி காட்டிய கப்பல் எப்படியோ, அங்கே அவர்களுக்கு ஆள்சேர்ப்பு மேசை அப்படி.

சிப்பாயாக இருந்தவரை 1931-இல் அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் நவ்காவ் கிச்சனர் கல்லூரி, பிறகு டேராடூனில் அப்போதுதான் தொடங்கப்பட்ட இந்திய இராணுவக் கழகம். 1935 பிப்ரவரியில் அதிகாரியாகத் தேறினார். ஓராண்டு ஒரு பிரிட்டிஷ் படைப்பிரிவில் பழகிவிட்டு, தம் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியனுக்கு வந்து சேர்ந்தார். 1940 டிசம்பரில் ஜஸ்வந்த் கவுரைத் திருமணம் செய்துகொண்டார். மூன்று மாதம்கூடச் சேர்ந்து வாழவில்லை. 1941 மார்ச் 4-இல் பட்டாலியனோடு மலாயாவுக்குக் கப்பலேறினார். அதற்குப் பிறகு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அவர் ஊர் திரும்பவில்லை.

அவர் வந்து இறங்கிய அந்த மாதங்களில் சிலாங்கூர் கொதித்துக்கொண்டிருந்தது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தார்கள். தமிழ் நேசன் ஆசிரியர் குழுவில் இருந்த ஆர்.எச்.நாதன் அவர்களுக்கு வழிகாட்டினார். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலி தமிழனுக்கும் வேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பெண்களிடம் துரைமார் தவறாக நடப்பது நிற்க வேண்டும் என்று கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. 1941 மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு, பிறகு நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தத்தை அடக்க இராணுவம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அப்படி இறக்கப்பட்ட படையில் இருந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்ல, இந்தியச் சிப்பாய்கள்.

இதே நேரத்தில், இதே நாட்டில், அந்தச் சிப்பாய்களின் இந்திய அதிகாரிகளுக்கும் ஒரு மனக்குறை இருந்தது. டேராடூனில் படித்துவந்த இந்திய அதிகாரிக்கு, அதே பதவியில் இருக்கும் வெள்ளைக்காரனைவிடச் சம்பளம் குறைவு. மலாயாவின் கிளப்புகளில் வெள்ளைக்கார அதிகாரி போகலாம், இவர் போக முடியாது. கூலியில் வித்தியாசம், மரியாதையில் வித்தியாசம். தோட்டத்துத் தமிழனின் குறையும் பட்டாளத்துப் பஞ்சாபியின் குறையும் ஒன்றாகவே இருந்தன. ஒருவரை ஒருவர் அறிய வழியில்லாமல் இருந்ததால், ஒருவர் கையில் துப்பாக்கியும் மற்றவர் மார்பில் குண்டுமாகச் சந்தித்துக்கொண்டார்கள். இந்த வரலாற்றில் மனத்தை மிகவும் அறுக்கும் இடம் இதுதான்.

மோகன் சிங்கின் பட்டாலியன் வடக்கே, கெடாவில் நிறுத்தப்பட்டது. 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவிலும் தாய்லாந்துக் கரையிலும் இறங்கினார்கள். மூன்றாம் நாள், டிசம்பர் 11, கொட்டும் மழையில் ஜித்ராவுக்கு வடக்கே ஆசூன் என்ற இடத்தில் ஜப்பானிய டாங்கிகள் சாலையோடு நேராக வந்தன. பிரிட்டிஷாருக்கு மலாயாவில் ஒரு டாங்கிகூடக் கிடையாது. அந்தச் சிப்பாய்களில் பெரும்பாலோர் அதுவரை டாங்கியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பட்டாலியன் சில மணி நேரத்தில் சிதறியது. மோகன் சிங், எஞ்சிய சிலரோடு காட்டிலும் சேற்றிலும் அலைந்தார்.

பசியோடும் காயத்தோடும் அலைந்த அந்த நாட்களில்தான் அவர் மனம் மாறத் தொடங்கியது. யாருக்காக இந்தப் போர் என்ற கேள்வி புதிதல்ல. ஆனால் கேள்வி கேட்பதற்கும், எடுத்த சத்தியத்தை மீறுவதற்கும் இடையே ஒரு சிப்பாய்க்கு நெடுந்தூரம் உண்டு. அவர் அதை ஒரே இரவில் கடந்துவிடவில்லை.

ஜப்பானிய இராணுவ உளவுப் பிரிவைச் சேர்ந்த மேஜர் ஃபுஜிவாரா இவாய்ச்சியும், பேங்காக்கிலிருந்து அவரோடு வந்த கியானி பிரீத்தம் சிங்கும் அலோர் ஸ்டார் பக்கம் ஒதுங்கியிருந்த இந்தச் சிப்பாய்களைத் தேடி வந்தார்கள். ஃபுஜிவாரா ஆயுதம் இல்லாமல் வந்தார். பட்டாலியனின் வெள்ளைக்காரத் தளபதி சரணடைந்தார். சூறையாட்டம் நடந்துகொண்டிருந்த அலோர் ஸ்டார் நகரில் ஒழுங்கை நிலைநாட்டும் பொறுப்பை ஃபுஜிவாரா, தோற்றுச் சரணடைந்த இந்தக் கேப்டனிடமே ஒப்படைத்தார். மோகன் சிங் அதைச் செய்து காட்டினார்.

அங்கே நடந்த ஒரு விருந்தைப் பற்றி ஃபுஜிவாரா பின்னாளில் எழுதியிருக்கிறார். இந்தியச் சிப்பாய்கள் சமைத்த சாப்பாட்டை ஜப்பானிய அதிகாரிகளும் இந்தியர்களும் ஒன்றாக உட்கார்ந்து, கையால் எடுத்துச் சாப்பிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே படையில் இருந்தும் வெள்ளைக்கார அதிகாரிகள் ஒருநாளும் அப்படித் தங்களோடு உட்கார்ந்ததில்லை என்பது மோகன் சிங்கின் மனத்தில் பதிந்தது. சைக்கிளைவிட்டு இறங்க மாட்டேன் என்று சொன்ன கிள்ளான் தொழிலாளிக்கு இந்த உணர்வு புரியும்.

பல நாள் பேச்சுக்குப் பிறகு, டிசம்பர் முடிவதற்குள் அவர் முடிவெடுத்தார். பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு, இந்திய விடுதலைக்காகப் போராடும் ஒரு படையை அமைப்பது. ஜப்பானியருக்குக் கூலிப்படை வேலை செய்வதல்ல. இந்த வேறுபாட்டை அவர் முதல் நாளிலிருந்தே பிடித்துக்கொண்டார். பின்னால் அவரைச் சிறைக்கு அனுப்பியதும் இதுதான்.

1942 ஜனவரி முதல் வாரத்தில் போர் நம் வாசலுக்கு வந்தது. கடல் வழியாகக் கோலசிலாங்கூரில் இறங்க ஜப்பானியர் செய்த முதல் முயற்சியைப் பீரங்கிகள் விரட்டின. ஆனால் கரையோரமாக வந்த படை ஆற்றை நெருங்கிவிட்டது. மோகன் சிங்கின் பட்டாலியன் ஜித்ராவில் எந்தப் பிரிகேடின் கீழ் இருந்ததோ, அந்த 15-ஆவது பிரிகேடின் மிச்சம் இன்னொரு பிரிகேடோடு சேர்க்கப்பட்டு, கம்பாரில் கடுமையாகப் போரிட்ட பின் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அனுப்பப்பட்டது. இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் அதே ஊர்தான். சிலாங்கூர் ஆற்றங்கரையில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இந்தியச் சிப்பாய்கள் பிரிட்டிஷ் கொடிக்காகக் காவல் நின்றபோது, அவர்களின் பழைய தோழர் ஒருவர் அதே போர்முனையின் மறுபக்கத்தில் இருந்து, துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு வாருங்கள் என்று அழைப்பதற்கு ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஜனவரி 7-இல் சிலிம் ரிவரில் பிரிட்டிஷ் அணி நொறுங்கியது. 11-ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது. தோட்டங்களில் துரைமார் தெற்கே ஓடிவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அசைக்க முடியாதவர்கள் என்று நம்பப்பட்டவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடுவதைத் தோட்டத்து மக்கள் தங்கள் கண்ணால் பார்த்தார்கள். அரிசி நின்றது, கூலி நின்றது. ஆனால் அந்தக் காட்சி அவர்கள் மனத்தில் நின்றுவிட்டது.

அலோர் ஸ்டாரில் தொடங்கிய மோகன் சிங்கின் முகாம் ஈப்போ, கோலாலம்பூர் என்று தெற்கே நகர்ந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17-இல், ஃபேரர் பார்க் திடலில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்கள் கூட்டப்பட்டார்கள். ஒரு பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். ஃபுஜிவாரா அவர்களை மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். முன்னால் இருந்தவர்களில் பலர் அவரைவிட மூத்த அதிகாரிகள். இரண்டு மாதங்களுக்கு முன்பு சேற்றில் அலைந்த ஒரு கேப்டன் மேடையில் நின்று, விடுதலைப் படையில் சேர அவர்களை அழைத்தார். கைதட்டலும் ஆரவாரமும் எழுந்தன. ஆயிரக்கணக்கானோர் கை உயர்த்தினார்கள். எல்லோரும் அல்ல.

இந்த இடத்தை மறைத்துவிட்டு அவர் வாழ்க்கையை எழுத முடியாது. சேர மறுத்தவர்கள் சிங்கப்பூர் முகாம்களில் கொடுமைப்படுத்தப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது, போருக்குப் பிந்திய விசாரணைகளிலும் பேசப்பட்டது. தலைமையில் இருந்தவர் என்ற முறையில் அந்தப் பொறுப்பு மோகன் சிங்கையும் சேரும். ஒரு சத்தியத்தை மீறியவனைத் துரோகி என்றும் மீறாதவனை அடிமை என்றும் இரண்டு பக்கமும் ஏசிக்கொண்ட காலம் அது. இருவரும் ஒரே ஊர்க்காரர்களாக, சில சமயம் ஒரே குடும்பத்தவர்களாகவும் இருந்தார்கள்.

அடுத்த மாதமே முதல் இடி விழுந்தது. தோக்கியோவில் நடக்க இருந்த கூட்டத்துக்குப் போன விமானம் ஒன்று விபத்தில் நொறுங்கியது. பிரீத்தம் சிங்கும், மோகன் சிங்கின் நெருங்கிய தோழரான கேப்டன் முகமது அக்ரமும், மலாயா மத்திய இந்தியர் சங்கத்தின் கே.ஏ.நீலகண்ட ஐயரும், சுவாமி சத்தியானந்த புரியும் அதில் மாண்டார்கள். படைக்கும் மலாயா இந்தியருக்கும் நடுவே பாலமாக இருந்திருக்கக்கூடியவர்கள் அவர்கள்.

1942 ஜூனில் பேங்காக்கில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் மாநாடு நடந்தது. தலைவர் ராஷ் பிகாரி போஸ். செயற்குழுவில் பினாங்கு வழக்கறிஞர் என்.ராகவன், கே.பி.கே.மேனன், ஜி.கியூ.கிலானி, மோகன் சிங் ஆகியோர் இடம்பெற்றார்கள். இந்திய தேசிய இராணுவத்தை ஜப்பான் சம நிலையுள்ள நட்புப் படையாக ஏற்க வேண்டும், இந்திய விடுதலைக்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும், இந்திய மண்ணில் தனக்கு எந்த ஆசையும் இல்லை என்று ஜப்பான் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். மாநாட்டுத் தீர்மானங்களின் சாரம் இது. பொதுமக்களையும் படையில் சேர்க்கலாம் என்பதும் அங்கேதான் முடிவானது. ஓராண்டு கழித்துத் தோட்டத்துப் பிள்ளைகள் நுழையப் போகும் கதவு அது.

செப்டம்பர் 1-இல் படை முறையாக அமைந்தது. முதல் டிவிஷனில் சுமார் 16,000 பேர். காந்தி, நேரு, ஆசாத் என்று படைப்பிரிவுகளுக்குப் பெயர் வைத்தார்கள். கேப்டன் மோகன் சிங் இப்போது ஜெனரல் மோகன் சிங். அவருடைய பழைய பட்டாலியனைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஜித்ராவில் ஒரே பிற்பகலில் நொறுங்கிப்போன அந்த 1/14 பஞ்சாப் பட்டாலியன்தான், மோகன் சிங்கை மட்டுமல்லாமல் முகமது ஜமான் கியானி, ஷா நவாஸ் கான், குர்பக்ஷ் சிங் தில்லோன் ஆகிய மூவரையும் இந்திய தேசிய இராணுவத்துக்குக் கொடுத்தது. சீக்கியரும் முஸ்லிம்களுமாக அந்த நால்வரும் ஒரே சாப்பாட்டு மேசையில் இருந்து வந்தவர்கள்.

ஆனால் ஜெனரல் பட்டம் வந்தபோதே பிரச்சினையும் வந்துவிட்டது. நம்பிக்கைக்குரியவராக இருந்த ஃபுஜிவாரா மாற்றப்பட்டு, கர்னல் இவாகுரோ வந்தார். பேங்காக் தீர்மானங்களுக்குத் தோக்கியோவிடமிருந்து தெளிவான பதில் வரவில்லை. சேர விரும்பியவர்கள் இன்னும் பல ஆயிரம் பேர் இருந்தும், ஒரு டிவிஷனுக்கு மேல் ஆயுதம் தர ஜப்பானியர் சம்மதிக்கவில்லை. உளவு பார்க்கவும் பிரச்சாரத்துக்கும் சிறு சிறு குழுக்களாக இந்தியர்களைப் பயன்படுத்தவே அவர்கள் விரும்பினார்கள். செயற்குழுவைக் கேட்காமலேயே படையைப் பர்மாவுக்குக் கப்பலேற்றச் சொன்னார்கள். மோகன் சிங் மறுத்தார். எழுத்தில் உறுதி வராமல் ஒரு சிப்பாயும் கப்பலேற மாட்டான் என்று நின்றார்.

டிசம்பர் 8-இல், அவருக்கு அடுத்த நிலையில் இருந்த கர்னல் நிரஞ்சன் சிங் கில்லை ஜப்பானியர் கைது செய்தார்கள். ராகவனும் மற்றவர்களும் செயற்குழுவிலிருந்து விலகினார்கள். அடுத்தது தாம்தான் என்பது மோகன் சிங்குக்குத் தெரிந்துவிட்டது. ஓடவில்லை, பணியவும் இல்லை. முத்திரையிட்ட உத்தரவு ஒன்றை எழுதிவைத்தார். தாம் கைது செய்யப்பட்டால் அந்த நிமிடமே இந்திய தேசிய இராணுவம் கலைந்துவிட்டதாகக் கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். 1942 டிசம்பர் 29-இல் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டு, ஜப்பானியரின் காவலில் கொண்டுபோகப்பட்டார். முகாம்களில் பட்டைகளும் சின்னங்களும் கழற்றி எரிக்கப்பட்டன.

ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் மீண்டும் போர்க்கைதிகளாகவே இருந்துவிட்டார்கள். பிறகு நியூ கினி போன்ற தீவுகளுக்கு உடலுழைப்புக்காகக் கொண்டுபோகப்பட்ட இந்தியக் கைதிகளில் ஏராளமானோர் பசியிலும் நோயிலும் செத்தார்கள். படையைக் கலைத்தது சரியா என்று கேட்டால், அந்தச் சாவுகளையும் தராசில் வைக்க வேண்டும். மறு தட்டில் வைக்க வேண்டியது இது: சொந்த உத்தரவின்றி, உறுதிமொழியின்றி, அந்நியன் சொன்ன இடத்துக்குப் போய்ச் சாகும் படையாக அது ஆகாமல் அவர் தடுத்தார். பிரிட்டிஷாரிடமிருந்து விலகி வந்ததே அப்படிச் சாக வேண்டாம் என்றுதானே. எஜமானை மாற்றிக்கொள்வது விடுதலை ஆகாது என்பதை மலாயாவில் மிகச் சீக்கிரம் கண்டுகொண்டவர்களில் அவரும் ஒருவர்.

தோட்டத்து மக்களுக்கு அது கொஞ்சம் பின்னால், வேறு வழியில் தெரிய வந்தது. 1943-இல் லாரிகள் தோட்டங்களுக்கு வந்தன. சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்கு ஆட்கள் அள்ளிக்கொண்டு போகப்பட்டார்கள். பல்லாயிரம் தமிழர்கள் போனார்கள், போனவர்களில் பெரும் பகுதியினர் திரும்பவில்லை. வீட்டில் மரவள்ளிக்கிழங்கும் கையில் வாழைமரத்து நோட்டுமாகக் காலம் தள்ளிய நேரம் அது. அதே 1943 ஜூலையில்தான் நேதாஜி வந்தார். கலைந்து கிடந்த படை மறுபடி எழுந்தது. மோகன் சிங் வைத்த காந்தி, நேரு, ஆசாத் என்ற பெயர்கள் அப்படியே தொடர்ந்தன. படைத்தலைமைப் பொறுப்புகளில் கியானியும் ஷா நவாஸும் இருந்தார்கள்.

இந்த இரண்டாவது படையில் நம் ஆட்கள் திரண்டார்கள். பிரிட்டிஷ் கணக்கில் தமிழ்த் தோட்டத் தொழிலாளி போர்க்குடி அல்ல. பால்வெட்டவும் காண்டா சுமக்கவும் பிறந்தவன். முதல் படையில் இருந்த தமிழர்கள் மிகச் சிலரே. இப்போது பல்லாயிரம் தமிழர்கள் பொதுமக்களிலிருந்து சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி தூக்கினார்கள். சிலர் நாட்டுப் பற்றால் போனார்கள், சிலர் ரயில் பாதைக்குப் போவதைவிட இது மேல் என்று போனார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. 1941-இல் சிலாங்கூர் தோட்டத்தில் எதிரெதிராக நின்ற பஞ்சாபிச் சிப்பாயும் தமிழ்த் தொழிலாளியும், 1943-இல் ஒரே வரிசையில் நின்றார்கள்.

அந்தக் காட்சியைப் பார்க்க மோகன் சிங் அங்கே இல்லை. சிங்கப்பூருக்கு வடகிழக்கே உள்ள புலாவ் உபின் தீவில் அவரை வைத்திருந்தார்கள். அணிவகுப்பு நடந்த திடலுக்கும் அந்தத் தீவுக்கும் அதிக தூரம் கிடையாது. நேதாஜி வந்த பிறகும் அவர் விடுவிக்கப்படவில்லை. பின்னர் அங்கிருந்து சுமத்ராவுக்குக் கொண்டுபோனார்கள். படையை உருவாக்கியவர், அந்தப் படை இம்பாலுக்குப் போனதையும் தோற்றுத் திரும்பியதையும் காவலில் இருந்தபடியே கடக்க வேண்டியதாயிற்று.

போர் முடிந்ததும் பிரிட்டிஷார் சுமத்ராவில் அவரைப் பிடித்து, 1945 நவம்பரில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது டில்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சைகல், தில்லோன் ஆகிய மூவர் மீது வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவர்களில் இருவர் அவருடைய பட்டாலியன்காரர்கள். நாடே கொதித்தது. மூவருக்கும் ஆயுள் தண்டனை விதித்துவிட்டு, அதை நிறைவேற்றத் துணிவில்லாமல் 1946 ஜனவரியில் விடுதலை செய்தார்கள். மோகன் சிங் மீது வழக்கே போடவில்லை. ஜப்பானியரை எதிர்த்து அவர்களிடமே சிறையிருந்த ஒருவரை ஜப்பானியரின் கைக்கூலி என்று நீதிமன்றத்தில் காட்டுவது எளிதல்ல. பதவியைப் பறித்து, 1946 மே மாதம் வெளியே விட்டார்கள்.

ஊர் திரும்பிச் சரியாக நிமிர்வதற்குள் 1947 வந்தது. நாடு விடுதலை பெற்ற அதே கோட்டில் பஞ்சாப் இரண்டாகப் பிளந்தது. உகோக்கேயும் பதியானாவும் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டன. பிறந்த ஊரையும் வளர்ந்த ஊரையும் விட்டு, அகதியாக இந்தியப் பக்கம் வந்தார் ஜெனரல். லூதியானாவுக்கு அருகே ஜுகியானா என்ற ஊரில் கிடைத்த நிலத்தில் குடியேறினார். சீக்கியரும் முஸ்லிம்களும் ஒரே தட்டில் சாப்பிடும் படையைக் கட்டியவருக்கு நேர்ந்தது இது. இடம் விட்டு இடம் பெயர்க்கப்பட்டவர்களின் வேதனையைத் தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தைக் காலி செய்துகொண்டு பட்டணத்துக்கு வந்த நம் குடும்பங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

காங்கிரசில் சேர்ந்தார். பஞ்சாப் சட்டமன்றத்திலும், பிறகு இரண்டு தவணை மாநிலங்களவையிலும் உறுப்பினராக இருந்தார். அரசியலில் பெரிய பதவி எதுவும் அவரைத் தேடி வரவில்லை. அவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றுதான்: இந்திய தேசிய இராணுவத்தினரை விடுதலைப் போராட்ட வீரர்களாக அரசு ஏற்க வேண்டும். சுதந்திர இந்தியாவின் இராணுவம் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1972-இல்தான் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியத் திட்டம் வந்தது. அதில் அவர்களுக்கும் இடம் கிடைத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, இந்திய விடுதலையில் சிப்பாய்களின் பங்கு பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது.

அலோர் ஸ்டாரில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட ஃபுஜிவாரா, போருக்குப் பின் ஜப்பானின் தற்காப்புப் படையில் சேர்ந்து, அங்கே ஜெனரல் தகுதிக்கு உயர்ந்தார். அவருடைய பதவியை ஓர் அரசு கொடுத்தது, ஓர் அரசு ஓய்வூதியமும் கொடுத்திருக்கும். மோகன் சிங்கின் ஜெனரல் பட்டத்தை எந்த அரசின் இராணுவப் பதிவேடும் ஏற்கவில்லை. பிரிட்டிஷ் ஏட்டில் அவர் பதவி பறிக்கப்பட்ட ஒரு கேப்டன். ஆனால் பஞ்சாபில் கடைசிவரை அவரை ஜெனரல் என்றுதான் அழைத்தார்கள்.

1989 டிசம்பர் 26-இல் ஜுகியானாவில் அவர் காலமானார். புலாவ் உபினுக்கு அனுப்பப்பட்ட டிசம்பர் 29-க்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ஜித்ராவின் அந்த மழை நாளிலிருந்து 48 ஆண்டுகளும் இரண்டு வாரமும் ஆகியிருந்தன.